உறைப்பு மட்டும்

கோமதி ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய காலையில், சேரப்பணஞ்சேரி பஸ் நிறுத்தத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தபோது, வீட்டுக்காரம்மா பாஞ்சாலி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வந்துட்டியா. மொதல்ல உன் வூட்டப் பாரு. உள்ள இன்னாமோ செத்துக் கெடக்குது. ரெண்டு நாளா நாத்தம் தாங்கல. உன் வூட்டுக்காரரு கைல சொன்னா, எனக்கு ஒண்ணும் தெரியலியேன்றாரு."

கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. கோமதி தள்ளித் திறந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனிச் சட்டையோடு வனமாமலை தரையில் உட்கார்ந்திருந்தான். கடையில் வாங்கிய இட்லியை, அவள் அரைத்து வைத்துவிட்டுப் போன மிளகாய்ப்பொடியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பெருச்சாளி செத்து உப்பிக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த நீர் அவன் உட்கார்ந்திருந்த பாயின் ஓரம் வரைக்கும் வந்திருந்தது.

"வந்துட்டியா? போன் பண்ணியிருந்தா ஸ்டாப்புக்கு வந்திருப்பேம்லா" என்றான் வாயில் இட்லியோடு.

கோமதி வெளியே ஓடிச் சாக்கடை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள்.

பாஞ்சாலிதான் பழைய சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெருச்சாளியை அதில் தள்ளி எடுத்துப்போய், காலி மனைப் பக்கம் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தாள். "ஆவி கீவி புடிக்கச் சொல்லு. இந்த நாத்தம்கூடத் தெரியாம குந்திகினு துன்றாரே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். வனமாமலை எச்சில் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தான். பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அவன் முகம்.

அவனுக்கு நாங்குநேரிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்தவன். ஒரகடத்தில் கார்களுக்குப் பம்பர் செய்யும் ஒரு கம்பெனியில், பெயிண்ட் ஷாப்பில், கான்ட்ராக்ட் ஆளாக வேலை. கல்யாணம் ஆனதும் பையன்களோடு இருந்த அறையை விட்டுவிட்டு, பாஞ்சாலியின் லைன் வீட்டுக்கு கோமதியைக் கூட்டி வந்தான். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். பின்னால், சுவருக்கும் மதிலுக்கும் இடையில் நீளமாக ஒரு துண்டு மண் கிடந்தது. பாஞ்சாலி குடும்பத்தின் நிலமெல்லாம் கம்பெனிக்கும் மனைக்கும் போன பிறகு எதற்கும் ஆகாமல் மிஞ்சிய துண்டு அது. கோமதி கேட்டதும், "சும்மாதான கீது, இன்னா வேணா போட்டுக்கோ" என்று விட்டுவிட்டாள்.

கோமதி மிளகாய் போட்டாள். பாதிக்குச் சம்பா மிளகாய். மீதிக்கு, ஊரிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த விதையில் முளைத்த சீனி மிளகாய். பெயரில்தான் சீனி. நகத்தளவே இருக்கும், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், ஒன்றைக் கடித்தால் காது வரைக்கும் எரியும். பழுத்ததைப் பறித்து மொட்டை மாடியில் பழைய சேலை விரித்துக் காயப்போடுவாள். உளுந்தையும் கடலைப்பருப்பையும் தனித்தனியாகச் சிவக்க வறுப்பாள். எள் வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிடுவாள். கட்டிப் பெருங்காயத்தை நல்லெண்ணெயில் பொரித்தெடுத்து, கல்லுப்பும் பூண்டும் சேர்த்து, கரண்ட் வரும் நேரம் பார்த்து மிக்ஸியில் போடுவாள். அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். காத்திருந்து அலுத்துப்போனால் பாஞ்சாலியின் உரலில் இடித்துவிடுவாள்.

வனமாமலையின் சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தப் பொடி கம்பெனி பஸ்ஸுக்கும் கேண்டீனுக்கும் போனது. பக்கத்து வீட்டு ரகுபதி அவனோடு அதே பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்ப்பவன், அருப்புக்கோட்டைக்காரன், கல்யாணம் ஆகாதவன். தீர்ந்துபோனால் காலி டப்பாவோடு வந்து வாசலில் நிற்பான். முகம் தெரியாத பையன்கள்கூட, "வனமாமலை அண்ணன் வீட்டுப் பொடியா?" என்று கேட்பார்களாம். வந்து இறங்கிய நாளிலிருந்து யாரையும் தெரியாத இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த நல்ல பெயர் அது ஒன்றுதான்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் வனமாமலை, "நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் உறைப்பா இருக்கலாம்" என்பான். அவளும் சம்பா மிளகாயைக் குறைத்துச் சீனி மிளகாயைக் கூட்டிக்கொண்டே போனாள். கடைசியில் ரகுபதி டப்பா கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். "மதினி, கண்ணுல தண்ணி வருது, என்னால முடியாது" என்றான். வனமாமலை மட்டும் நெற்றி வியர்க்க வியர்க்கத் தின்றான். ஊர் நாக்கு, இங்கத்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தாள். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

தரையெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவி முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"எப்பத்துல இருந்து?"

"போன வருசம் ஆடிக்கு முன்ன."

"ஒரு வாசனையும் தெரியாதா?"

"மொதல்ல பெயிண்டுல கலக்குற தின்னர் வாட தெரியாமப் போச்சி. நல்லதாப் போச்சின்னு நெனச்சேன். அந்த வாடையிலதான தலவலி வரும். பொறவு காப்பி. பொறவு எல்லாம் போச்சி."

"சோறு?"

"உப்பு தெரியும். சீனி தெரியும். மத்ததெல்லாம் ஈர மண்ணத் திங்க மாதிரி. உறைப்பு மட்டும் தெரியும். அது மட்டும் அப்பிடியே இருக்கு."

"பெருங்காயம்? எள்ளு?"

அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப எதுக்கு நல்லாருக்குன்னு சொன்னிய?"

"நல்லாத்தான இருந்துச்சி. நாள் முழுக்க எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

கோமதிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. பருப்பைப் பதம் பார்த்து வறுத்ததும், பெருங்காயம் கருகாமல் காத்து நின்றதும் எல்லாம் வீண் என்ற கோபம்தான் வந்தது. மூக்குப் போன மனுஷன் முன்னால் உட்கார்ந்துகொண்டு பொடிக்காகக் கோபப்படுகிறோமே என்று தோன்றியதும் வெட்கமாகிவிட்டது.

"முகத்துக்கு ஒண்ணும் குடுக்க மாட்டாங்களா?"

"துணி மாஸ்க் குடுப்பான். வாடைய வடிகட்டுற டப்பா வச்ச மாஸ்க் ஆடிட்டுக்கு ஆள் வாற அன்னைக்கு மட்டும் வெளிய வரும்."

"சொல்லுங்க அவங்ககிட்ட."

"சொன்னா அன்பிட்டுன்னு வெளிய விட்டுருவான். ரகுபதிகிட்டகூட நான் சொல்லல. நீயும் யார்ட்டயும் மூச்சு விடப்பிடாது." அவன் கையை நீட்டினான். "சத்தியம் பண்ணு."

அவள் அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அதற்குப் பிறகு அவனுக்கென்று தனியாக ஒரு டப்பா வைத்தாள். அதில் பருப்பு இல்லை, எள் இல்லை. முற்றிப் பழுத்த சீனி மிளகாயை மோரில் ஊறப்போட்டு, சருகாகக் காயவைத்து, உப்போடு இடித்து எடுத்த தூள். இடிக்கும்போது கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்வாள். அப்படியும் விரல்கள் எரியும், கழுநீர்ப் பானையில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் அதை அவன் தட்டில் வைத்தபோது, நல்லெண்ணெயில் குழைத்து ஒரு துண்டு தோசையோடு எடுத்து வாயில் போட்டான். கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. மூக்கு ஒழுகியது. இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு வாயால் மூச்சு விட்டான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் உயிர் இருந்தது. "இதான்" என்றான். "இத வையி."

அவள் வைத்தாள். தினமும் வைத்தாள். நல்லதா கெட்டதா என்று யோசிக்கவில்லை. வேறு எதைக் கொடுத்தாலும் மென்று விழுங்குகிறவன் இதைத்தான் சாப்பிட்டான்.

மண்டையைப் பிளக்கும் தலைவலிக்கு அவன் மாத்திரை போடுகிறான் என்பது அவளுக்குத் தெரியாது. ஷிப்டுக்கு நடுவில், வெறும் வயிற்றில், கேட்டுக்கு வெளியே உள்ள மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். வயிறு வலித்ததையும் சொல்லவில்லை. மலம் கறுப்பாகப் போனதையும் சொல்லவில்லை.

மாடியில் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த மதியத்தில் ரகுபதியிடமிருந்து போன் வந்தது. ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வனமாமலை ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்துவிட்டானாம், ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்களாம். இ.எஸ்.ஐ. கார்டு இன்னும் வரவில்லை என்று கான்ட்ராக்டர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததால், செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.

வெளியே வந்த டாக்டரம்மா, "வலி மாத்திரை சாப்பிடுவாரா?" என்று கேட்டாள்.

"இல்லங்க" என்றாள் கோமதி.

ரகுபதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சாப்பிடுவாரு டாக்டர். தெனமும். தலவலின்னு."

"அதுதான். வயித்துல புண்ணாகி ஓட்டை விழுந்திருக்கு. கொஞ்சம் வெட்டி எடுத்திருக்கோம். உயிருக்குப் பயமில்ல."

"நான் ரொம்ப உறைப்பாப் பொடி அரைச்சுக் குடுப்பேங்க" என்றாள் கோமதி. "அதனாலயா?"

"மாத்திரைதாம்மா காரணம். ஆனா புண்ணு இருக்கும்போது அவ்வளவு காரம் சாப்பிட்டா எரியத்தான் செய்யும். இனிமே காரமே கூடாது."

டாக்டரம்மா போய்விட்டாள். அவள் சொன்னதில் முதல் பாதி கோமதியின் மனசில் நிற்கவே இல்லை.

மறுநாள் கான்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து நம்பிராஜன் என்று ஒருவர் வந்தார். ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் அவர்தான். வெளுத்த சட்டை, கையில் ஒரு கவர் ஆப்பிள். ரகுபதி டீ வாங்கப் போயிருந்தான். வனமாமலை மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"நாங்குநேரி பக்கம்."

"அட, எனக்கு அம்பாசமுத்திரம்லா" என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பயப்படாதிய. நல்லாயிருவாரு. வீட்ல என்ன சாப்பிடுவாரு?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் கோமதிக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சில் கேட்கிறார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சீனி மிளகாயை, மோரில் ஊறப்போட்டதை, தனி டப்பாவை, தினமும் தட்டில் வைத்ததை. "என் கையாலதான் வச்சேன். நான்தான் அவர இப்படி ஆக்கிட்டேன்" என்றாள். நம்பிராஜன் இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"வேற தொந்தரவு ஏதும் உண்டுமா? மூச்சு முட்டுதுன்னோ, பெயிண்ட் வாட ஒத்துக்கலன்னோ எப்பமாச்சும் சொல்லியிருக்காரா?"

கோமதி கட்டிலைப் பார்த்தாள். அவன் கை போர்வைக்கு வெளியே கிடந்தது.

"இல்லங்க" என்றாள். "அப்படி ஒண்ணும் கிடையாது."

அவர் எழுந்து, ஆப்பிளைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

வனமாமலை வீட்டுக்கு வந்த பிறகு, ரகுபதியும் பெயிண்ட் ஷாப்பில் உள்ள இரண்டு மூன்று பேரும் கான்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போய், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது செய்யுங்கள், உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்டார்கள். ரகுபதி திரும்பி வந்து குழாயடியில் கோமதியை மட்டும் கூப்பிட்டுச் சொன்னான்.

"வீட்ல மிளகாயத் தின்னு வயித்தக் கெடுத்துக்கிட்டா கம்பெனி என்னப்பா செய்யும்ங்கிறாரு நம்பிராஜன். அவரு சம்சாரமே என்கிட்ட சொன்னாங்க, வேலையில ஒரு தொந்தரவும் இல்லன்னும் சொன்னாங்கங்கிறாரு." பிறகு, "எதுக்கு மதினி சொன்னீங்க?" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

கோமதி உள்ளே போய்ப் புருஷனிடம் நடந்ததைச் சொன்னாள். ஒளிக்கவில்லை. அவன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"மூக்கப் பத்திச் சொன்னியா?"

"சொல்லல. நீங்கதான சத்தியம் வாங்குனிய."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பிறகு பாயில் சாய்ந்து சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் வரைக்கும் திரும்பவில்லை.

அவள் பின்பக்கம் போனாள். செடிகள் காய்த்துக் குலுங்கின. ஒரு ஓரத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். கையில் எதையும் சுற்றிக்கொள்ளவில்லை. காய்கள் நசுங்கிச் சாறு உள்ளங்கையில் ஏறியது. வேர் மண்ணோடு செடிகளை மதிலோரம் எறிந்தாள். சத்தம் கேட்டு பாஞ்சாலி வந்தாள்.

"இன்னாத்துக்கு மே காய்க்கிற செடியப் புடுங்கற? உனுக்குப் பைத்தியமா?"

கோமதி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எரியும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சத்தியத்தை மீறிச் சொன்னாள். பெயிண்ட் ஷாப், மூக்கு, உறைப்பு எல்லாம். பெருச்சாளி செத்துக் கிடந்த நாளை பாஞ்சாலி நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவள் முகம் மாறியது.

"அத்தப் போயி சொல்லு" என்றாள். "அங்க சொல்லாம என் கைல சொல்லி இன்னா பிரயோசனம்? எந்திரி."

ரகுபதியோடு கோமதி போனாள். நம்பிராஜன் இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. ஊர்ப் பேச்சும் பேசவில்லை.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று ரகுபதியைப் பார்த்தார். "மூக்குல வாசனை தெரியலைங்கிறத எப்படி நம்புறது? சளி பிடிச்சாக்கூடத்தான் தெரியாது. எனக்கே ரெண்டு நாளாத் தெரியல."

திரும்பும்போது ஷேர் ஆட்டோ கிடைக்காமல் ரோட்டோரமாக நடந்தார்கள். லாரிகள் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போயின. ரகுபதி, "இனி என்னால வர முடியாது மதினி. என்னையும் பிரேக்குன்னு சொல்லி வேலைய விட்டு நிறுத்திருவாங்க" என்றான்.

"வேண்டாம் தம்பி. நீங்க வேலையப் பாருங்க." கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள், "உங்களுக்கு வாசன தெரியுதா?"

ஒரு லாரி கடந்து போகும் வரைக்கும் அவன் நின்றான்.

"பாதி தெரியுது" என்றான்.

வனமாமலையை வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த மாதத்தில் கோமதி வேறொரு கம்பெனியின் கேண்டீனில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் குழைய வடித்த சோறும் மோரும் மூடி வைத்துவிட்டுப் போவாள். வரும்போது முக்கால்வாசி அப்படியே இருக்கும். வனமாமலைக்குக் கன்னம் ஒட்டிப்போனது. ஊருக்குப் போய்விடலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "அங்க எங்கம்மா மீன்கொழம்பு வச்சிட்டு, எப்படியிருக்குன்னு என் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. என்னால முடியாது" என்றான். பாஞ்சாலி வாடகை கேட்டு வரவில்லை. வராமலிருப்பதும் கோமதிக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. தட்டை வைக்கும்போது அவள் எதுவும் கேட்பதில்லை. சாப்பிடு என்றால் அவனுக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டான். சோறு சுவரோரம் வரைக்கும் சிதறியது. இருவருமே உட்கார்ந்து அதைப் பொறுக்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மிளகாய் போடாமல் ரசம் வைத்து, சோற்றைக் கரைத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல என்ன வாசன வருது?" என்று கேட்டான்.

குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தட்டைக் கையில் எடுத்து முகர்ந்தாள்.

"சீரகம். மல்லித்தழை. தக்காளி கொஞ்சம் புளிச்சாப்ல."

"சீரகம் எப்பிடி இருக்கும்?"

"எப்பிடின்னு கேட்டா? சீரகம் மாதிரிதான் இருக்கும்."

"யோசிச்சுச் சொல்லு."

அவள் மறுபடியும் முகர்ந்தாள். நேரம் பிடித்தது. "கல்யாண வீட்ல பந்திக்கு உக்காந்திருப்போம்லா. இன்னும் ரசம் நம்ம வரிசைக்கு வந்திருக்காது. வாளி அந்தக் கடைசியில வரும்போதே அடிக்குமே, அது."

அவன் கண்ணை மூடினான். அவனுக்குள் ஏதாவது வந்ததா, வரவில்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ம்" என்று சொல்லி ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டான். மென்று விழுங்கினான். "மல்லித்தழை சொல்லு" என்றான்.

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து யோசித்தாள். அதற்கு ஏதோ சொன்னாள், அவ்வளவு சரியாக வரவில்லை. அவன் அதையும் கேட்டுக்கொண்டு ஒரு கவளம் எடுத்தான். பாதித் தட்டுதான் சாப்பிட்டான். மீதியை அவள் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவப் போனாள்.